வன்னியின் பழைய நேரமும் கணினிக் கோப்பும்

ஈழத்து வரலாற்றுக்கு மூலங்களெனக் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புமே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்பெறும். வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு சிறு கூறு, உலகெங்குமுள்ள கணினிகள் பயன்படுத்தும் நேரவலயக் கோப்பிலே பதிந்து கிடக்கின்றமை பலர் அறியாததொன்றாகும்.

யுனிக்ஸ் மரபில் வந்த முறைமைகள் தம் அமைவுகளைச் சாதாரண எழுத்துக் கோப்புக்களிலே எழுதிவைப்பன. வரிக்கு ஒரு செய்தி. சொல்லுக்கும் சொல்லுக்குமிடையே வெற்றிடம். '#' என்னும் குறிக்குப் பின் வருவன மனிதருக்கான குறிப்பு. இத்தகைய வரிகளைப் பகுப்பதற்கு மிகப் பொருந்தியது ஓக் என்னும் குறுநிரல் மொழி. 1977 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் அகோ, வைன்பேகர், கெர்னிகன் என்னும் மூவர் இதனை ஆக்கினர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துக்களே மொழியின் பெயராயின. பதம் பிரிக்கும் மாணவன் போல அது வரியை வெற்றிடந்தோறும் பிரித்து, முதலாம் புலம், இரண்டாம் புலமென எண்ணிட்டுத் தரும். ஆயின் உரையைப் போற்றும் வழக்கம் நம் மாணவனுக்கு உண்டு, நிரலுக்கு இல்லை.

ஆதர் டேவிட் ஒல்சன் 1980களில் தொடக்கிய நேரவலயத் தொகுதியைப் பின்னர் போல் எகெற் பேணிவருகின்றார். அதிலே 'ஆசியா/கொழும்பு' என்னும் பதிவு சில வரிகளே கொண்டது. 1906 இல் இலங்கை நேரம் கிரினிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியதாயிற்று. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, அது ஆறு மணியாகவும் ஆறரையாகவும் உயர்ந்து மீண்டது. மின்சார நெருக்கடி காரணமாக 1996 மே 25 இல் ஆறரையாகவும், அவ்வாண்டு ஒற்றோபர் 26 இல் ஆறாகவும் மாற்றப்பட்டது. 2006 ஏப்பிரில் 15 இல் மீண்டும் ஐந்தரை.

வரிகள் கூறுவது இவ்வளவே. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளோ 1996 ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கு பழைய நேரமே நிலவிற்று. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து ஏ9 பாதை திறக்கப்பட்டபோது, வவுனியாவில் காலை எட்டு மணியெனின் ஓமந்தைக்கு அப்பால் ஏழரை. முகமாலையைக் கடந்து யாழ்ப்பாணம் புகுவோர் இழந்த அரைமணியை மீளப் பெற்றனர்! ஒரே பாதையில் மணிக்கூட்டை இருமுறை திருப்பவேண்டியிருந்தது.

இச்செய்தி கோப்பில் இல்லாமலில்லை. '#' குறியிட்ட வரிகளில், இம்மாற்றத்தைப் புலிகள் ஏற்காமை பற்றிய 2006 ஆம் ஆண்டு றொயிற்றர் செய்தி எடுத்தாளப்பட்டுள்ளது. அப்பகுதி மக்கள் இந்தியாவின் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாமென எகெற் அதன்கீழ் குறித்துள்ளார். 1970 முதல் ஒரே நேரத்தைக் கொண்ட இடங்களுக்கு வேறு வேறு வலயம் வேண்டாவென்பது தொகுதியின் கொள்கை. கிளிநொச்சியும் கொல்கத்தாவும் அவ்வாறே ஒன்றாயின. கணக்கிற்கு இது பொருந்தும். ஆயினும் வன்னியின் பெயர் தாங்கிய வரியொன்று இல்லாமற் போயிற்று. தொகுதியைச் சுருக்கித் தரும் நிரலும் ஓக் மொழியிலேயே எழுதப்பட்டது. குறிப்புக்களை நீக்குதல் அதன் பணிகளுள் ஒன்று.

விளைவு சிறிதன்று. 2003 இல் முல்லைத்தீவில் எழுதப்பட்ட நாட்குறிப்பொன்று 'காலை ஆறு மணி' என்கின்றது எனக் கொள்வோம். அதே கணத்தைக் கொழும்பு அறிக்கையொன்று 'ஆறரை' என்றே குறித்திருக்கும். இரண்டையும் 'ஆசியா/கொழும்பு' வரிகளைக் கொண்டு நிரல்வழி ஒழுங்குபடுத்துவோர், ஒரே நிகழ்ச்சியை இரண்டாகக் கொள்வர். அன்றேல் முன்னதைப் பின்னதாக்குவர். போர்க்காலச் சாட்சியங்களில் எது முதலில் நிகழ்ந்தது என்பதே வழக்காக நிற்குமிடங்கள் பல. அங்கெல்லாம் நாளொடு இடத்தையும், அவ்விடம் அந்நாளில் எவர் ஆட்சியிலிருந்தது என்பதையும் ஆய்வாளர் தாமே ஆராய்ந்து சேர்த்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, கிளிநொச்சி நகர் 1996 செப்ரெம்பரில் இராணுவத்தின் கைப்பட்டு, 1998 செப்ரெம்பரில் மீண்டும் புலிகள் வசமாயிற்று.

2006 ஏப்பிரில் 15 ஆம் நாள் பிறந்த நள்ளிரவிற் கொழும்பின் மணிக்கூடுகள் அரைமணி பின்னகர்த்தப்பட்டன. கிளிநொச்சியில் எவரும் மணிக்கூட்டைத் தொடவேண்டியிருக்கவில்லை.