திமில் மீனின் வம்சம்

ஓசூரிலிருந்து தளி வழியாக ஜவளகிரிக்குப் போகிறவர்களுக்கு யானை குறுக்கிடுமே என்ற கவலைதான் முதலில் வரும். மீனைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? ஆனால் அந்தக் காடு தெற்கே இறங்கி இறங்கிக் காவேரியில்தான் போய் முடிகிறது. அந்த ஆற்றில் வாழ்ந்த ஒரு மீன் வம்சத்தின் சரித்திரம், ராஜ வம்சங்களின் சரித்திரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

மகசீர் என்னும் பெருங்கெண்டைகளில் காவேரிக்கென்றே ஓர் இனம் உண்டு. காளைக்கு இருப்பதுபோல் முதுகிலே திமில், செம்மஞ்சள் துடுப்பு. 1946-ல் மைசூரை அடுத்த கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டில் போட்டுப் பிடித்த மீனின் எடை 120 ராத்தல்!

மீனுக்கு அடைக்கலம் தருவது நமக்குப் புதிதல்ல. துங்கைக் கரையில் சிருங்கேரியிலும், காவேரிக் கரையில் ராமநாதபுரத்திலும் கோயில் துறையில் மீன் பிடிக்கலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. பிற்காலத்தில் வேறு துறைகளில் வெடி வைத்து மீன் பிடிக்கும் கொடுமை வந்தது. 1972-ல் பிறந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தார் காவேரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். தூண்டிலில் சிக்கிய மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடும் வழக்கம் ஏற்பட்டது.

அதே காலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. நல்லெண்ணத்தோடு நடந்ததுதான்! லோணாவ்லாவில் டாடா பண்ணையில் வளர்த்த நீலத் துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவேரியில் விட்டார்கள். அதுவும் மகசீர், இதுவும் மகசீர். பேதம் என்ன என்று எண்ணினார்கள் போலும்.

பேதம் பின்னால் தெரிந்தது. கர்நாடக எல்லைக்குள் கலிபோரே என்ற காட்டு முகாமில், 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட 6,000-க்கு மேற்பட்ட மீன்களின் கணக்கு இருந்தது. அதை ஆராய்ந்தவர்கள் 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். மீன்கள் பெருகியிருந்தன, காவல் வீண் போகவில்லை. ஆனால் பெருகியவை நீலத் துடுப்புக்காரர்கள். திமில் மீனோ அருகி வந்தது. அதன் குஞ்சுகளும் அகப்படுவது அரிதாயிற்று.

இவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு அதுவரை விஞ்ஞானப் பெயர் ஒன்று உறுதிப்படவில்லை என்றால் நம்புவீர்களா? பெயரில்லாத பிராணியை அபாயப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? பாம்பாற்று மீன் ஒன்றுக்கு 2007-ல் 'தோர் ரெமாதேவி' என்று பெயரிட்டிருந்தார்கள். திமில் மீனும் அதுவும் ஒன்றே என்று 2018-ல் தெளிந்தது. அந்த ஆண்டே, அழிவின் விளிம்பிலுள்ள இனங்களில் அதுவும் சேர்ந்தது. மோயாற்றில் அந்த வம்சத்தார் இன்னும் இருக்கிறார்கள்.

2022-ல் நமது சர்க்கார் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்து, இந்தக் காடுகளைக் கர்நாடகத்துச் சரணாலயத்தோடு இணைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் காவல்காரன் வெளியிலிருந்து வருகிறவனைத் தடுப்பான். ஏற்கனவே உள்ளே குடியேறிவிட்ட விருந்தாளியை என்ன செய்வான்? எத்தனை மீன் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. யார் யார் இருக்கிறார்கள் என்றும் சரணாலயத்தில் கேட்க வேண்டும்.