முதுகெலும்பு மூட்டு ஊசி

முதுகெலும்பு மூட்டு ஊசி என்பது முள்ளெலும்புகளின் பின்புறத்தில் உள்ள சிறு மூட்டுகளினுள், அல்லது அம்மூட்டுகளுக்குச் செல்லும் நரம்புகளின் அருகில், மருந்து செலுத்தும் மருத்துவ முறையாகும். இம்மூட்டுகள் ஃபாசெட் மூட்டுகள் எனப்படுவதால், இது ஃபாசெட் மூட்டு ஊசி எனவும் அழைக்கப்படுகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி, கழுத்துவலி ஆகியவற்றின் மூலத்தைக் கண்டறியவும், வலியைத் தணிக்கவும் இது பயன்படுத்தப்படுகிறது. கண்டறியும் சோதனையாக இதற்கு மதிப்பு உண்டு. எனினும், நீண்டகாலத் தீர்வாக இதன் பயன் உறுதிப்படவில்லை.

உடற்கூறு

அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகள் முன்புறத்தில் இடைவட்டு ஒன்றினாலும், பின்புறத்தில் இடமும் வலமுமாக இரு ஃபாசெட் மூட்டுகளாலும் இணைகின்றன. குருத்தெலும்பும் உறையும் கொண்ட இம்மூட்டுகள், முதுகு வளையவும் திரும்பவும் துணைபுரிவதுடன் மிகையான அசைவைத் தடுக்கின்றன. பெரும்பாலான ஃபாசெட் மூட்டுகளுக்கு இரு சிறு நரம்புக் கிளைகள் உணர்வளிக்கின்றன. எனவே ஒரு மூட்டின் வலியை அடக்க இரு நரம்புகளையும் மரத்துப்போகச் செய்தல் வேண்டும்.

வரலாறு

இம்மூட்டுகள் கீழ்முதுகு வலிக்குக் காரணமாகலாம் என்னும் கருத்தை அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜோயல் கோல்ட்த்வெயிட் 1911 இல் முன்வைத்தார். 1933 இல் கோர்ம்லி இதற்கு ஃபாசெட் நோய்க்குறித்தொகுப்பு எனப் பெயரிட்டார். 1934 இல் மிக்ஸ்டர், பார் ஆகியோர் இடைவட்டுப் பிதுக்கம் பற்றி வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னர், மருத்துவர்களின் கவனம் இடைவட்டின் பக்கம் திரும்பியது. 1976 இல் மூனி, ராபர்ட்சன் ஆகியோரின் ஆய்வு மூட்டு ஊசியை மீண்டும் கவனத்திற்குக் கொண்டுவந்தது.

செய்முறை

நோயாளி பொதுவாகக் குப்புறப் படுக்க வைக்கப்படுகிறார். தோல் தூய்மை செய்யப்பட்டு மரத்துப்போகச் செய்யப்படுகிறது. பின்னர் எக்ஸ்-கதிர்ப் படத்தைத் திரையில் பார்த்தவாறு மெல்லிய ஊசி மூட்டை நோக்கிச் செலுத்தப்படுகிறது. ஊசிமுனை சரியான இடத்தில் உள்ளதா என்பதை அறியச் சிறிதளவு நிறமி செலுத்தப்படுவதுண்டு. அதன் பின்னர் லிடோகெய்ன், புபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்து, தனியாகவோ ஸ்டீராய்டுடன் சேர்த்தோ செலுத்தப்படுகிறது. பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பலாம்.

சோதனையாகப் பயன்படுதல்

முதுமையில் தேய்ந்த மூட்டுகள் வலியில்லாதவர்களின் படங்களிலும் காணப்படுகின்றன. ஆதலால் படத்தைக் கொண்டு மட்டும் வலியின் மூலத்தைக் கூறவியலாது. நரம்பை மரக்கச் செய்தவுடன் வலி நீங்கினால், அம்மூட்டே காரணம் எனக் கருதப்படுகிறது. ஆயினும் ஒரே ஊசியின் முடிவு பலருக்குத் தவறாக அமைவதால், வெவ்வேறு நேரம் செயற்படும் இரு மருந்துகளைக் கொண்டு இருமுறை சோதிக்கும் வழக்கம் உண்டு.

பயன் குறித்த சான்றுகள்

கனடாவில் கேரெட் குழுவினர் செய்து 1991 இல் வெளியான ஆய்வில், கீழ்முதுகு மூட்டுகளில் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கும் உப்புநீர் பெற்றவர்களுக்கும் இடையே முதல் மூன்று மாதங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வாகன விபத்துக்குப் பிந்தைய கழுத்துவலி பற்றி 1994 இல் ஆஸ்திரேலியாவில் பார்ன்ஸ்லி குழுவினர் செய்த ஆய்வும் ஸ்டீராய்டினால் கூடுதல் பயன் இல்லை எனக் கண்டது.

சோதனையில் வலி நீங்கியவர்களுக்கு, அந்நரம்பை வானொலி அலைவரிசை மின்னோட்டத்தால் சூடேற்றிச் செயலிழக்கச் செய்யும் முறையும் உண்டு. 1996 இல் லார்ட் குழுவினர் 24 கழுத்துவலி நோயாளிகளிடம் இதனை ஆராய்ந்தனர். வலி பழைய அளவில் பாதியாகத் திரும்ப, சிகிச்சை பெற்றோருக்கு இடைநிலையாக 263 நாட்களும், போலிச் சிகிச்சை பெற்றோருக்கு 8 நாட்களும் ஆயின. நரம்பு மீண்டும் வளர்வதால் வலி திரும்பக்கூடும்.

பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016 இல் கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பு ஊசிகளை அளிக்க வேண்டாம் எனவும், தேர்ந்தெடுத்த சிலருக்கு நரம்புச் சூடேற்றத்தைக் கருதலாம் எனவும் பரிந்துரைத்தது. 2025 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதல், நாட்பட்ட முதுகெலும்பு வலிக்கு இவ்விரண்டையுமே பரிந்துரைக்கவில்லை. வலி சிகிச்சை வல்லுநர் சங்கங்கள் பல இதனை மறுத்துள்ளன.

பக்கவிளைவுகள்

ஊசியிட்ட இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். ஸ்டீராய்டு நீரிழிவு நோயாளிகளின் குருதிச் சர்க்கரையைத் தற்காலிகமாக உயர்த்தும். தொற்று, குருதிக்கசிவு, நரம்புச் சேதம் ஆகியன அரிது. குருதி உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். 2012 இல் ஐக்கிய அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தை முதுகெலும்புப் பகுதியிலும் பிற மூட்டுகளிலும் செலுத்தியதால் 750 இற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 60 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இவற்றையும் பார்க்க

முதுகுவலி
முள்ளெலும்பு
இடைவட்டுப் பிதுக்கம்