தில்லித் தமிழ்ப் புனைகதையும் உரையாடல் உத்தியும்: ஐ.என்.ஏ. மார்க்கெட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

படைப்பாளி தன் மொழி வழங்கும் நிலத்தைவிட்டு நீங்கினால் அவனது எழுத்து வறண்டுவிடும் என்பது தமிழ்த் திறனாய்வில் நெடுநாளாக வழங்கிவரும் கருத்தாகும். வட்டார நாவல்கள் செழித்த காலத்தில் இக்கருத்து மேலும் வலுப்பெற்றது. ஆயின், 1960களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகள் தில்லியிலிருந்து எழுதிய தமிழ்ப் படைப்பாளர்களின் புனைகதைகளைப் பயிலும்போது இதனை அப்படியே ஏற்க இயலவில்லை. அவர்கள் இழந்தவை உண்டு. எனினும் உரையாடலை எழுதும் முறையில் அவர்கள் பெற்ற பயிற்சி, தமிழ்நாட்டிலேயே இருந்தவர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒன்று.

இதனை விளக்க ஒரு கடைவீதி துணைசெய்யும். தென்தில்லியில் சப்தர்ஜங் விமானத் தளத்தை ஒட்டிய பகுதி, இந்திய தேசிய இராணுவத்தின் பெயரால் ஐ.என்.ஏ. என வழங்குகிறது. மலேயாத் தோட்டத் தொழிலாளர்களாயிருந்த தமிழர் பலர் அந்த இராணுவத்தில் சேர்ந்தவர்கள் என்பதால், தமிழருக்கு இப்பெயரோடு பழைய உறவு உண்டு. அருகிலுள்ள சரோஜினி நகர், லட்சுமிபாய் நகர், நேதாஜி நகர் முதலிய அரசு ஊழியர் குடியிருப்புகளில் வாழ்ந்த தென்னிந்தியக் குடும்பங்களுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மீனும் தந்தது இங்குள்ள மார்க்கெட். 1994இல் எதிரே தில்லி ஹாட் தோன்றிய பின்னரும் அதன் குறுகிய சந்துகளில் நெரிசல் குறையவில்லை. வங்காளியும் மலையாளியும் தமிழரும் வெளிநாட்டுத் தூதரகத்தாரும் ஒரே மீன்கடையின் முன் நின்று, பஞ்சாபியோ பீகாரியோ ஆன கடைக்காரரிடம், ஒருவருக்கும் முழுமையாகச் சொந்தமில்லாத ஓர் இந்தியில் பேரம் பேசுவர். கணவனிடம் தமிழில் குறைபட்டுக்கொண்ட பெண், அடுத்த நொடியே கடைக்காரரிடம் இந்தியில் விலை கேட்பாள்.

இந்தப் பேரத்தைத் தமிழ்ச் சிறுகதையில் எப்படி எழுதுவது? தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றைச் செய்யுள் உறுப்புகளாகவே வைத்து எண்ணுகிறது. யார், யாரிடம், எங்குப் பேசுகிறார் என்பவை துலங்காமல் பேச்சுப் பொருள்படாது என்பது அதன் உட்கிடை. மூன்றும் வெவ்வேறு மொழிகளில் அமைந்துவிட்டால் படைப்பாளியின் நிலை கடினமாகிறது. எல்லாரையும் திருத்தமான தமிழில் பேசவைத்தால் களன் மறைந்துவிடும். இந்தி வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் பெய்தால் கேட்போனாகிய வாசகன் வெளியே நிறுத்தப்படுவான்.

இக்கட்டுரையாளர் தில்லியில் ஆய்வு மாணவராயிருந்தபோது இம்மார்க்கெட்டைக் களனாகக்கொண்டு ஒரு கதை எழுதியதுண்டு. அதனைப் படித்த மூத்த எழுத்தாளர் ஒருவர், "மீன்காரனும் வாங்குபவரும் தமிழ்ப் பாடநூலைப் படித்துவிட்டு வந்தவர்போல் பேசுகிறார்கள்" என்று கூறித் திருப்பித் தந்தார். முன்னோர் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்ற தேடல் அங்கிருந்தே தொடங்கியது.

கி. கஸ்தூரிரங்கன் 1965இல் தில்லியில் 'கணையாழி'யைத் தொடங்கினார். அப்போது தில்லியில் பணியாற்றிய சுஜாதாவின் கடைசிப் பக்கங்கள் இதில்தான் வெளிவந்தன. இதழின் சென்னைப் பொறுப்பைப் பல்லாண்டுகள் ஏற்றிருந்த அசோகமித்திரனும், செகந்திராபாத்தில் வளர்ந்தமையால், பன்மொழிப் பேச்சைத் தமிழில் எழுதும் சிக்கலை அறிந்தவர். '18வது அட்சக்கோடு' அதற்குச் சான்று.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி தேர்ந்த வழி குறிப்பிடத்தக்கது. 'தந்திர பூமி' முதலிய நாவல்களில் அரசியல் வட்டாரத்தாரின் பேச்சு குறுகிய, எள்ளல் மிகுந்த தமிழ் வாக்கியங்களாக அமைகிறது. இது ஆங்கிலத்தில் நிகழும் பேச்சு என்று ஆசிரியர் ஒவ்வோரிடத்தும் கூறுவதில்லை. வாக்கியத்தின் வேகமே அதனை உணர்த்திவிடுகிறது. அவருடைய பாத்திரங்கள் அனைவரும் ஒரே அளவில் சாதுரியமாகப் பேசுகின்றனர் என்ற குறையும் நியாயமானதே. எனினும், உரையாடலே அனைத்தையும் தாங்கவேண்டிய நாடகத்திற்கு அவர் நகர்ந்தபோது இப்பயிற்சி பயன்தந்தது. 'ஔரங்கசீப்' நாடகத்தில் மொகலாய அரண்மனை தமிழ் பேசுவது நமக்குச் சிறிதும் உறுத்தவில்லை.

ஆதவனின் வழி வேறு. கல்லிடைக்குறிச்சியில் 1942இல் பிறந்து தில்லியில் கல்விகற்ற அவர், வெளிப்பேச்சைக் காட்டிலும் அதற்கு அடியில் ஓடும் மனப்பேச்சைப் பற்றிக்கொண்டார். 'காகித மலர்கள்' நாவலில் மாந்தர் வாயால் ஒன்றைக் கூறிக்கொண்டே, தாம் கூறும் விதத்தைத் தாமே கண்காணிக்கின்றனர். ஆங்கிலம் பேசுவதும் தமிழ் பேசுவதும் அவர்களுக்கு வேறுவேறு முகமூடிகள். மொழி மாறும் இடத்தில் மனம் என்ன செய்கிறது என்று எழுதிவிட்டால், எந்த மொழியில் பேசினர் என்பதைத் தனியே அறிவிக்க வேண்டியதில்லை. இவ்வுத்தியைத் தமிழுக்கு ஆதவன் அளித்த கொடையாகவே கருதலாம். 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி அவர் மறைந்தபோது வயது 45. சாகித்திய அகாதெமி விருது மறைவுக்குப் பின்னரே அவரை அடைந்தது.

தி. ஜானகிராமன் 1968இல் வானொலிப் பணியின்பொருட்டுத் தில்லிக்கு வந்தபோது முதிர்ந்த எழுத்தாளர். அவர் செவியில் தஞ்சைப் பேச்சு மாறவில்லை. கணையாழியில் தொடராக வந்த 'நளபாகம்' வடநாட்டு யாத்திரை இரயிலில் தொடங்கினாலும், அந்த இரயிலுக்குள் பேசப்படுவது காவிரிக்கரைத் தமிழே. இதனைக் குறையென்று கொள்வதற்கில்லை. ஆயினும் புதிய களனில் எழுதப் பயில்வோர் அவரைப் பின்பற்றினால் இடர்ப்படுவர் என்பது எம் எண்ணம். அவர் 1982இல் மறைந்தபின் அவர் நினைவாகக் கணையாழி நடத்திய குறுநாவல் போட்டி, இளம் எழுத்தாளர் பலருக்குப் பயிற்சிக்களமாயிற்று.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பின்னர் ஒருநாள் கவனித்த செய்தியொன்று உண்டு. மீன்கடைக்காரர் வடநாட்டுப் பெண்களை 'மேடம்' என்றே அழைத்தார். புடவையும் பூவுமாக வந்த ஒருவரைக் கண்டதும் 'அம்மா' என்றார். அவர் அறிந்த தமிழ் அவ்வளவே. அதைச் சொன்ன பிறகு விலையில் பத்து ரூபாய் கூட்டினார். அந்தப் பெண்ணோ அதற்காகவே மறுபேச்சின்றி வாங்கிச் சென்றார். திரும்பி வந்த கதையை மீண்டும் எழுதியபோது இந்த 'அம்மா' ஒன்றை மட்டும் நேர்கூற்றாக வைத்து, பேரம் முழுவதையும் அயற்கூற்றாகவும் அப்பெண்ணின் மனப்பேச்சாகவும் மாற்ற வேண்டியதாயிற்று. பத்து ரூபாயை அவர் அறிந்தே கொடுத்தாரா என்னும் இடத்தில் கதை இன்னும் நிற்கிறது.