ஜெனரலை மாற்றிய சேனை

நாகர்கோவில்காரங்களுக்கு கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி தெரிஞ்சிருக்கும். அதை நடத்துறது இரட்சணிய சேனை. ஒரு சபைக்கு எதுக்கு 'சேனை'ன்னு பேரு? இன்னிக்கு அந்தக் கதைதான்.

1865-ல் வில்லியம் பூத்தும் மனைவி கேத்தரினும் கிழக்கு லண்டன் ஏழைகள் நடுவுல ஒரு ஊழியத்தைத் தொடங்கினாங்க. 1878-ல் அதோட அறிக்கை அச்சுக்குப் போகும்போது, அதுல 'தன்னார்வப் படை'ன்னு ஒரு சொல் இருந்தது. மகன் பிராம்வெல், தான் தன்னார்வலர் இல்லை, முழுநேர வீரர்னு மறுத்தாராம். பூத் 'தன்னார்வ' என்பதை அடிச்சுட்டு 'இரட்சணிய'ன்னு எழுதினார்.

மாற்றம் பேரோட நிக்கல. பிரிட்டிஷ் தளபதி உல்ஸ்லி சிப்பாய்களுக்கு எழுதின கையேட்டைப் பார்த்து, சேனைக்கும் ஒரு விதிப்புத்தகம் தயாராச்சு. ஊழியர்கள் 'கேப்டன்' ஆனாங்க. சபையார் 'போர்வீரர்' ஆனாங்க. 1880-ல் பயிற்சி இல்லம் வந்தது, அதுவும் முதல்ல பெண்களுக்கு.

இதனால சபைக்கு என்ன லாபம்? பாட்டுக்குழு, பத்திரிகை விற்பனைன்னு சாதாரண உறுப்பினருக்கும் ஒரு பொறுப்பு கிடைச்சது. கேப்டனை வேற ஊருக்கு மாத்தினாலும் அடுத்தவர் வந்து அதே விதிப்படி வேலையைத் தொடர முடிஞ்சது. ஒரே போதகரை நம்பி நிக்கிற சபைகள்ல இது கஷ்டம்.

ஆனா ராணுவ முறையில ஒரு ஆபத்தும் இருக்கு. மேல இருக்கிறவரை யார் கேள்வி கேட்கிறது? 1912-ல் பூத் இறந்தப்போ, அவர் முத்திரையிட்டு வெச்சிருந்த உறையில இருந்த பேர்தான் அடுத்த ஜெனரல்: அதே பிராம்வெல். சாஃப்ட்வேர்ல எந்த மாற்றத்தையும் வெளியிடுறதுக்கு முன்னாடி, அதைத் திரும்பப் பெற ஒரு வழி வெச்சுப்போம். பூத்தும் வெச்சிருந்தார். தகுதியிழந்த ஜெனரலை நீக்க, 1904-லேயே சட்டப் பத்திரம் எழுதியிருந்தார்.

1929-ல் அது தேவைப்பட்டது. பிராம்வெல் கடும் நோயில இருந்தும் பதவி விலக மறுத்தார். மூத்த அதிகாரிகளோட உயர் மன்றம் லண்டன் பக்கத்துல சன்பரியில கூடி அவரை நீக்கி, எட்வர்ட் ஹிக்கின்ஸைத் தேர்ந்தெடுத்தது. 1934-ல் அதே தேர்தல் முறையில, பிராம்வெலோட தங்கை எவாஞ்சலின் முதல் பெண் ஜெனரல் ஆனார்.

பயிற்சி, பொறுப்புப் பகிர்வு, ஒழுங்கு எல்லாத்தையும் சபைகள் ராணுவத்துக்கிட்ட தாராளமா கத்துக்கலாம். கூடவே, தலைவரை இறக்க ஒரு வழியும் எழுத்துல இருக்கணும். உங்க சபை விதிகள்ல அது இருக்கா? ஒருமுறை பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.