தங்கவயலின் தட்டி வீடுகள்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதியோர் பலர் அதனைப் பொன்னின் எடையைக் கொண்டே அளந்தனர். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் பொன் அங்கே எடுக்கப்பட்டது என்பர். அப்பொன்னை வெட்டியெடுத்தவர்கள் எத்தகைய வீட்டில் உறங்கினர், எங்கே மலங்கழித்தனர், அதனை அள்ளிச் சுமந்தவர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பியோர் சிலரே. அவ்வினாக்களை எழுப்ப நமக்கு உரிமை உண்டு. நிலத்தடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் மக்களே ஆவர்.

1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் மைசூர் சமஸ்தானத்திலிருந்த இச்சுரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்றது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து ஆதி திராவிடக் குடும்பங்கள் வேலை தேடி அங்கே சென்றன. ஊரில் பண்ணையாள் வாழ்வு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நினைவு வேறு. தங்கவயலிலோ கூலி கையிற் காசாகக் கிடைத்தது. ஆண்டையின் பார்வைக்கு அப்பால் ஓர் அடுப்பு மூட்ட முடிந்ததே அம்மக்களுக்கு ஒரு விடுதலையாகத் தோன்றியிருக்கும்.

ஆனால் அவ்வடுப்பு எரிந்த வீடு எத்தகையது? மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டியே சுவர், மண்ணே தரை. ஏறத்தாழ பத்தடிச் சதுரமான ஓர் அறைக்குள் சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நோயும் நடந்தன. இத்தகைய வீடுகள் வரிசை வரிசையாக நின்றமையால் அவற்றுக்கு ‘லைன்’ என்று பெயர் வந்தது. சுரங்கத்தில் வேலை ஷிப்ட் முறையில் நடந்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் பகல் வெயிலில், பிள்ளைகளின் இரைச்சலுக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவே கண்மூட வேண்டியிருந்தது.

அதே தங்கவயலில் வேறொரு வாழ்வும் இருந்தது. வெள்ளை அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம் ஆகியன அமைந்தன. அப்பகுதியைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்றே அழைத்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. இந்தியப் பொறியியலின் பெருஞ்சாதனை என இன்றும் அது போற்றப்படுகிறது. அச்சாதனையை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் அம்மின்சாரம் சுரங்க எந்திரங்களுக்காக வந்தது, தட்டி வீட்டுக்காக வரவில்லை என்பதையும் சேர்த்தே நம் இளைஞர்கள் படித்தல் வேண்டும்.

வீட்டைச் சூழ்ந்த காற்றும் நல்லதாக இல்லை. கல்லை அரைத்துச் சயனைடு கலந்து பொன்னைப் பிரித்த பின் எஞ்சிய நுண்மணல் மலைமலையாகக் குவிக்கப்பட்டது. மக்கள் அவற்றைச் சயனைடு மேடு என்றனர். காற்றடிக்கும் காலத்தில் அத்தூசி லைன்களின் மேல் படிந்தது. சுரங்கத்துக்குள் பாறைத்தூளைச் சுவாசித்தவன் வெளியேறி வந்தும் தூசியிலிருந்து தப்பவில்லை. 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வொன்று, சோதிக்கப்பட்ட தொழிலாளரில் 10 பேரில் ஏறத்தாழ 4 பேருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்ததைக் காட்டிற்று.

இத்தகைய அறைகளில் வாழ்ந்த மக்கள் வாயடைத்து இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலில் ஆழ வேரூன்றியது. 1914-இல் அவர் மறைந்த பின், அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பின்னாளில் அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 1930-இல் கைரேகைப் பதிவைத் திணித்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பர் 4-இல் போலீசார் சுட்டதில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். குடியிருக்கும் வீடும் கம்பெனியின் உடைமை என்ற நிலையில் வேலைநிறுத்தம் செய்தவன் கூலியோடு கூரையையும் பணயம் வைத்தான். அத்துணிவின் அளவை நாம் இன்று எளிதில் உணர இயலாது.

இனி நாம் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லைன்களில் இருந்தவை பொதுக் கழிப்பறைகள். நீரில்லாத உலர் கழிப்பிடங்கள். அவற்றில் மலம் அள்ளத் தெலுங்கு பேசும் தோட்டிக் குடும்பங்கள் தனிக் குடியிருப்பில் வைக்கப்பட்டன. ஊரில் நம்மைச் சேரியில் ஒதுக்கியவர்களைக் குற்றஞ்சாட்டிய நாமே, தங்கவயலில் நமக்குக் கீழே ஒரு வரிசை இருப்பதைக் கண்டும் காணாதிருந்தோம். அவர்கள் சுமந்த மலம் நம் வீடுகளின் மலம்.

அக்குடும்பங்களுள் ஒன்றில் 1966-இல் பிறந்தவர் பெசவாடா வில்சன். ‘தோட்டி’ என்னும் இழிசொல்லைக் கேட்டு வளர்ந்த அவர் படித்துப் பட்டம் பெற்றார். 1986 முதல் இக்கொடுமைக்கு எதிராக இயங்கினார். நிர்வாகத்துக்கு மனு எழுதினார். உலர் கழிப்பிடங்களைப் படம் பிடித்தார். மலமள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் இயற்றப்பட்டது. 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சட்டம் வந்த பின்னும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை என்பதால் அவர் பணியும் ஓயவில்லை.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசுக்குச் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. உடைமையாளர் மாறியபோதெல்லாம் லைன் வீட்டில் இருந்தவன் குடியிருப்போனாகவே இருந்தான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று தலைமுறை வாழ்ந்த அறை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அன்று ஒவ்வொரு வாயிலிலும் வந்து நின்றது. இன்று அம்மக்களின் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

நம் இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளைக் கொள்ளுதல் வேண்டும். வேலையோடு இரவலாகக் கிடைத்த வீடு வேலையோடு போகும். கற்ற கல்வியை எவரும் காலி செய்யச் சொல்ல முடியாது. மற்றொன்று, கற்றவன் தன் தெருவின் கடைசி வீட்டையும் பார்த்தல் வேண்டும். தட்டி வீட்டிலிருந்து இதழ் நடத்தியவர்களும், தோட்டிக் குடியிருப்பிலிருந்து மனு எழுதியவரும் நமக்கு விட்டுச்சென்ற சொத்து இதுவே.