லண்டன் கொடுத்த வாக்கு

1942 ஜனவரி 14. மாலை நான்கு மணி இருக்கும். நெகிரி செம்பிலான், கெமாஸ் அருகே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஜப்பானியப் படை சைக்கிள்களில் வந்துகொண்டிருந்தது. பதுங்கியிருந்த ஆஸ்திரேலியப் படையினர் சில நூறு பேரைக் கடந்து போகவிட்டு, பிறகு பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜப்பானியருக்குப் பெரிய இழப்பு. ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. அடுத்த ஒரே மாதத்தில், பிப்ரவரி 15-ல், சிங்கப்பூர் விழுந்தது.

ஆபத்து வந்தால் பெரும் கடற்படை கிழக்கே வரும் என்று போருக்கு முன்பு பல ஆண்டுகளாக லண்டன் சொல்லிவந்தது. வந்த பெரிய போர்க்கப்பல்கள் இரண்டே இரண்டு. அவையும் 1941 டிசம்பர் 10-ஆம் தேதி குவாந்தான் கடலில் மூழ்கின. துரைமார்கள் தெற்கே ஓடினார்கள். தோட்டத்து லயங்களில் மிஞ்சியவர்கள் தமிழர்கள். அவர்களில் எத்தனை ஆயிரம் பேர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள், எத்தனை பேர் திரும்பவே இல்லை என்பதெல்லாம் நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு பட்ட பிறகும் துங்கு அப்துல் ரஹ்மான் ஏன் மீண்டும் லண்டனையே நம்பினார்? வேறு வழியில்லை என்பதே உண்மை. 1957-ல் சுதந்திரம் கிடைத்தபோது அவசரகாலம் முடிந்திருக்கவில்லை. மலாயாவின் சொந்தப் படை சிறியது. பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா டிவிஷனுக்குச் சிரம்பானில்தான் தலைமையகம் இருந்தது. 1957 அக்டோபர் 12-ல் ஆங்கிலோ–மலாயா தற்காப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளியிலிருந்து தாக்குதல் வந்தால் பிரிட்டன் உதவும். அதன் படைகள் இங்கே தங்கலாம். தூரகிழக்கில் பிரிட்டிஷ் பகுதிகள் தாக்கப்பட்டால் மலாயாவும் ஒத்துழைக்க வேண்டும். சீட்டோ கூட்டணியில் சேரமாட்டேன் என்ற துங்கு, அதன் உறுப்பு நாடான பிரிட்டனோடு கைகோத்தார். அவருக்கும் இதில் அரை மனதுதான் போலும்.

அந்த வாக்கு ஒருமுறை காப்பாற்றப்பட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1964 செப்டம்பரில் இந்தோனேசிய வான்குடைப் படையினர் ஜொகூர் லாபிசில் இறங்கினார்கள். கெமாஸிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையில் இருக்கும் ஊர் அது. லிங்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம், மலாக்கா தெரெண்டாக் முகாமிலிருந்த நியூசிலாந்துப் படையும் அவர்களைத் தேடும் வேட்டையில் இறங்கியது.

அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் பிரதமரானவர் ஹரோல்ட் வில்சன். சூயசுக்குக் கிழக்கே பிரிட்டனின் பொறுப்பை விடமாட்டோம் என்றுதான் அவர் தொடங்கினார். 1967 ஜூலையில் பேச்சு மாறியது. 1970-களின் நடுவில் படைகள் வெளியேறும் என்றார்கள். நவம்பரில் பவுன் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40-க்குக் குறைக்கப்பட்டது. கஜானா காலி என்றால் வாக்கும் இளைத்துவிடும். 1968 ஜனவரியில் காமன்வெல்த் செயலாளர் ஜார்ஜ் தாம்சன் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரில் வந்து, 1971 மார்ச்சுக்குள் போய்விடுவோம் என்று சொன்னார். லீ குவான் இயூ லண்டனுக்குப் பறந்தார். மன்றாடிப் பெற்றது ஒன்பது மாத அவகாசம். ஜனவரி 16-ல் வில்சன் நாடாளுமன்றத்தில் அறிவித்த தேதி 1971 இறுதி.

வில்சனைத் துரோகி என்பது எளிது. அவருடைய நாட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதும் நிஜம். ஆனால் கட்டுப்படியாகாது என்பது 1964-லேயே தெரியாதா என்ன? மூன்று ஆண்டுகள் உறுதி சொல்லாமல் இருந்திருந்தால், சொந்தப் படையைப் பெருக்க மலேசியாவுக்கு அந்த மூன்று ஆண்டுகளாவது கிடைத்திருக்கும்.

1970 ஜூனில் ஆட்சிக்கு வந்த எட்வர்ட் ஹீத் முற்றிலும் கைவிடவில்லை. 1971 நவம்பர் 1-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் சேர்ந்த ஐந்து நாடுகள் தற்காப்பு ஏற்பாடு நடப்புக்கு வந்தது. அதுவே இன்றும் இருக்கிறது. தாக்குதல் வந்தால் ஐந்து நாடுகளும் உடனே கலந்து ஆலோசிக்கும் என்கிறது அது. படை அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 27-ல் கோலாலம்பூரில், துங்குவுக்குப் பின் பிரதமரான துன் ரசாக்கின் முயற்சியால், தென்கிழக்காசியாவை நடுநிலை வட்டாரமாக்கும் பிரகடனத்தில் ஐந்து ஆசியான் நாடுகள் கையெழுத்திட்டன. தெரெண்டாக் முகாமில் இப்போது இருப்பது மலேசியப் படை.