ராதாரிச் சீட்டிலிருந்து ஃபாஸ்டேக் வரை: நம்ம போக்குவரத்துக் கணக்கு யார் கையில்?

இந்த எபிசோடைப் பாளையம்பட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். அருப்புக்கோட்டையை ஒட்டின ஊர். அங்கிருந்து மதுரைக்கு ஒரு புது காரில் கிளம்புறீங்கன்னு வெச்சுக்கோங்க. தூத்துக்குடி–மதுரை நான்கு வழிச்சாலையில் ஏறினா, வழியில் எலியார்பத்தி சுங்கச்சாவடி. முன் கண்ணாடியில் இருக்கிற ஃபாஸ்டேக்கைக் கருவி படிக்கும். எந்த வண்டி, எத்தனை மணிக்குத் தாண்டுச்சுன்னு பதிவு விழும். 2021 பிப்ரவரியிலிருந்து இது கட்டாயம்.

அது வெளியே இருக்கிற கருவி. காருக்கு உள்ளேயே இன்னொன்று இருக்கு. 2019-ல் எம்ஜி ஹெக்டர், ஹூண்டாய் வென்யூ வந்தப்போ 'இன்டர்நெட் கார்', 'கனெக்டட் கார்'னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. வண்டிக்குள்ளேயே ஒரு சிம். வண்டி எங்க நிக்குது, என்ன வேகத்தில் போகுதுன்னு நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் போகும். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினா உரிமையாளர் போனுக்கு எச்சரிக்கை வரும். திருட்டுப் போனா கண்டுபிடிக்கலாம், விபத்துன்னா உதவி கூப்பிடலாம். நல்ல வசதிதான். ஆனா இதைக் கேட்டு வாங்கினவங்க எத்தனை பேர்? நல்ல சீட்டும் சன்ரூஃபும் வேணும்னு மேல் வேரியன்ட் எடுத்தா, இதுவும் சேர்ந்தே வருது.

ஒருத்தர் எங்க போறார், ராத்திரி எங்க தங்குறார்ங்கிற கணக்கை இன்னொருத்தர் எழுதி வெச்சிருந்தா என்ன ஆகும்? இந்த வறண்ட சீமைக்கு அதில் பழைய அனுபவம் உண்டு.

1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் வட இந்தியாவில். 1911-ல் அதைத் திருத்தி எழுதினப்போ சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. ஒரு ஆள் தப்பு செஞ்சாரா இல்லையான்னு இந்தச் சட்டம் பார்க்கலை. ஒரு சமூகத்தையே 'குற்றப் பரம்பரை'ன்னு அறிவிச்சிட்டா போதும். அதில் பிறந்தவங்க பேரைப் பதிவேட்டில் ஏத்தலாம், கைரேகை எடுக்கலாம். குறிச்ச நேரத்துக்குப் போய் ஆஜராகணும், தங்குற இடத்தை மாத்தினாலும் ஊரை விட்டுப் போறதா இருந்தாலும் முன்கூட்டியே சொல்லணும்னு உத்தரவு போடலாம். மக்கள் இதுக்கு வெச்ச பேர் 'ரேகைச் சட்டம்'. வெளியூர் போக வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டை மதுரைப் பக்கம் 'ராதாரிச் சீட்டு'ன்னு சொன்னாங்க. கல்யாணமோ சாவோ சந்தையோ, சீட்டு இல்லாம வழியில் மாட்டினா தண்டனை.

உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்க மறுத்தாங்க. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தாங்க. அதில் ஒருத்தர் மாயக்காள் என்ற பெண்.

அடுத்து நம்ம பக்கம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி தாண்டிப் போனா கமுதி, முதுகுளத்தூர். ஆப்பநாடுன்னு சொல்ற பகுதி. 1929-ல் அங்கிருந்த மறவர் கிராமங்கள் மேலயும் இந்தச் சட்டம் பாய்ஞ்சது. அப்போ இருபது வயசைத் தாண்டியிருந்த முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் எதிர்ப்பைத் திரட்டினார். அவருடைய பொதுவாழ்க்கையின் தொடக்கமே ஏறக்குறைய இந்தப் போராட்டம்தான். கடைசியில் சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க ரத்தாக 1952 ஆகஸ்ட் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் போச்சு, பழக்கம் போகலை. 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் வந்தாச்சு. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் மேல் ஒரு கொள்ளை வழக்கு. சாட்சியம் இல்லாம விட்டுட்டாங்க. ஆனாலும் போலீஸ் அவர் பேரில் ஒரு கோப்பைத் திறந்து, ராத்திரியில் கதவைத் தட்டி எழுப்புறது, எங்க போறார் வர்றார்னு குறிப்பெடுக்கிறதுன்னு தொடர்ந்தாங்க. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962 டிசம்பரில் தீர்ப்பு. ராத்திரி வீட்டுக்குப் போறது செல்லாதுன்னு சொன்ன பெரும்பான்மை நீதிபதிகள், நடமாட்டத்தைக் குறிச்சு வைக்கிறது எந்த அடிப்படை உரிமையையும் பாதிக்காதுன்னாங்க. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியா இருந்த சுப்பா ராவ் அதை ஏற்கலை. கண்காணிப்புக்குள்ளேயே நடமாடுறவரைச் சுதந்திரமா நடமாடுறவர்னு எப்படிச் சொல்ல முடியும்ங்கிறது அவர் வாதம். அந்த வாதம் ஜெயிக்க 55 வருஷம் ஆச்சு. 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பளிச்சாங்க.

இங்க ஒன்றைத் தெளிவா சொல்லிடணும். ரேகைச் சட்டமும் கனெக்டட் காரும் ஒன்றில்லை. அது பிறப்பை வெச்சு மனுஷங்களை அவமானப்படுத்தி, துப்பாக்கி முனையில் நடத்தின விஷயம். கார் நாம காசு கொடுத்து வாங்குறது. ஒத்துமை ஒரே இடத்தில்தான்: பதிவேடு யார்கிட்ட இருக்கோ, பிடியும் அவங்ககிட்டதான்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்க. 2023-ல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் அந்தரங்கக் கொள்கையைச் சோதிச்சது. ஒன்றுகூடத் தேறலை. 2025 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் மேல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சில சமயம் 3 நொடிக்கு ஒரு தடவை வண்டியின் இடத்தைப் பதிவு செஞ்சு, ஓட்டுநருக்குச் சரியா தெரிவிக்காமலே தகவலை வித்தாங்க என்பது குற்றச்சாட்டு. அந்தத் தகவல் இன்ஷூரன்ஸ் கட்டணத்தைத் தீர்மானிக்கிற இடம் வரைக்கும் போயிருக்கு. சட்டுன்னு பிரேக் போட்டதுகூட ஒருத்தர் மேல் எழுதின குறிப்பாயிடுச்சு.

இந்தியாவில் பேருந்து, டாக்சி மாதிரி பொது வாகனங்களுக்கு 2019-லிருந்து இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பொத்தானும் விதியிலேயே இருக்கு. தனியார் காருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அங்க நம்ம சம்மதம்தான் சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்கு அதே சட்டத்தில் விலக்கும் உண்டு. அதாவது, பதிவேட்டைக் கம்பெனி எழுதினாலும், அரசு கேட்டா கொடுக்க வழி திறந்தே இருக்கு.

அதனால சாவி வாங்குற அன்னைக்கே சில கேள்வி கேளுங்க. எந்தத் தகவல் போகுது, எங்க போகுது, எத்தனை நாள் வைப்பாங்க, இணைப்பை அணைச்சா எது எது வேலை செய்யாது? செயலியில் எல்லாத்துக்கும் 'சரி' அழுத்துறதுக்கு முன்னாடி இருப்பிட அனுமதியைப் பாருங்க. பழைய கார் வாங்கினா, முந்தைய உரிமையாளரின் கணக்கு இன்னும் இணைஞ்சிருக்கான்னு சோதிங்க. இல்லைன்னா நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அவர் போனில் தெரியும். விற்கும்போது உங்க கணக்கை நீக்கிட்டு, திரையில் இருக்கிற தொடர்புகளையும் அழிச்சிடுங்க.

கைரேகை வைக்கச் சொன்னப்போ, எதுக்குன்னு கேட்டு மறுத்தவங்க இந்த மண்ணில் உயிரைக் கொடுத்திருக்காங்க. நமக்கு அவ்வளவு பெரிய விலை இல்லை. ஷோரூமில் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டா போதும்.